முன்சக்கரம் நான், பின்சக்கரம் நீங்கள்

என்னங்க,

செருப்பைக் கழற்றுவதற்கு முன் கீழே போய்க் காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். நான் நடைபாதை விளிம்பில் உரசிய அதே அலாய் வீல்தான். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்களே, இப்போது கீறலைக் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.

உப்புத்தாளால் தேய்த்து, பள்ளத்துக்குப் பட்டி பார்த்து, வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டேன். டயரில் படாமலிருக்க உங்கள் சீட்டுக்கட்டைத்தான் விளிம்பைச் சுற்றிச் செருகினேன். ராஜா ராணியெல்லாம் வெள்ளியில் குளித்துவிட்டார்கள், கோபிக்காதீர்கள். இன்னும் காயவில்லை, தொட்டுவிடாதீர்கள்.

கை சும்மா இருக்குமா? பின்சக்கரத்தையும் தின்னர் போட்டுத் துடைத்தேன். வெள்ளியாக ஏதோ கரைந்து வந்தது. அடியில் என்னுடையதைவிட நீளமான கீறல். மேலே பூசியிருந்தது காணாமல்போன என் நெயில் பாலிஷ். அந்த மினுமினுப்பு எனக்குத் தெரியாதா? தங்கைதான் சுருட்டிவிட்டாள் என்று அவளோடு மல்லுக்கு நின்றேனே, நீங்களும் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்களே!

கோபமே வரவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அந்தச் சக்கரத்தை அப்படியே விட்டிருக்கிறேன். மிச்சப் பெயின்ட் பால்கனியில் இருக்கிறது, நாளைக்குச் சேர்ந்தே அடிப்போம்.

சாப்பாடு அடுப்பு மேல். கார் காயட்டும், நான் பஸ்ஸில் போகிறேன்.

பி.கு.: ராத்திரி சாப்பிடத் தங்கை வருகிறாள். நெயில் பாலிஷை யார் எடுத்தது என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். அதற்காகவே நான் கொஞ்சம் தாமதமாக வருகிறேன்.