கலியாணம் பார்க்க ஒரு வயர்

வெள்ளவத்தை,
11.05.2008

அன்பு மகள் வதனிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் எங்கள் மருமகனாக வரப்போகிறவரும் ஒஸ்லோவில் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. விசா மறுத்த கதையை இனி எழுதிப் பயனில்லை. வந்தால் நாங்கள் திரும்பிப் போகமாட்டோமாம். மகளின் கலியாணத்துக்குப் போய் அங்கேயே ஒளிந்துகொள்ளும் ஆட்களாக எங்களை நினைத்த அந்த எம்பசிக் கண்ணாடிக்காரனுக்கு ஒரு மகள் இருந்தால்தானே விளங்கும்.

சரி, கலியாணத்தை இங்கிருந்தே கொம்பியூட்டரில் பார்க்க, நீ சொன்னபடி புரோட்பாண்ட் இன்ரநெற் லைன் எடுத்தாயிற்று. அதற்குப் பெட்டி வாங்கப் போனதுதான் பெரிய கூத்து. உன் தில்லை மாமாவைத் துணைக்குக் கூட்டிப்போனது என் புத்திக்குறைவு. கொம்பியூட்டரை நிற்பாட்டத் தெரியாமல் பிளக்கைப் பிடுங்குகிற மனுசன், மூன்று அன்ரனாக் கொம்பு வைத்த வயர்லெஸ் றூட்டர்தான் வேணும் என்று கடையில் நின்று அடம்பிடித்தார். கொம்பு கூடினால் வேகமும் கூடுமாம். கடைக்காரர் மஷூருக்கு வாயெல்லாம் பல். எங்கள் கட்டிடத்தின் தடித்த சுவர்களைத் தாண்டி இது ஒழுங்காக வேலை செய்யுமா என்று கேட்டேன், இன்னும் விலை கூடியதை எடுத்துக் காட்டினார். வீட்டுச் சோதனைக்கு வருகிற பொலிசும் ஆமியும் ரேடியோ அன்ரனாவுக்கே ஆயிரம் கேள்வி கேட்கிற காலத்தில், தமிழன் வீட்டில் கொம்பு முளைத்த பெட்டி கண் சிமிட்டிக்கொண்டு இருக்கட்டும் என்கிறார் உன் மாமா. அவருக்கென்ன, பொலிசுக்குப் போய் நிற்பது நான்தானே. இதற்குள் உன் அம்மாவின் பிரச்சினை வேறு. ரெலிபோன் சொக்கற் இருப்பது கக்கூஸ் கதவடியில், அங்கே கதிரை போட்டு இருந்து பிள்ளையை ஆசீர்வதிக்கமாட்டேன், சாமிப்படத்துக்கு முன்னால்தான் இருப்பேன் என்கிறா. அது நியாயம். அதற்கு மாமா கண்டுபிடித்த வழி, ரெலிபோன் வயரையே வெட்டி ஒட்டிச் சாமியறை வரை நீட்டுவது. ஒட்டுப்போட்ட இடத்தில் இரைச்சல் ஏறி லைன் விழும் என்ற சின்ன விசயம்கூடத் தெரியாத மேதை. கடைசியில் கொம்பில்லாத சாதாரண மோடம் ஒன்றும், அதிலிருந்து சாமியறைக் கொம்பியூட்டர் வரை ஓடுகிற நீளமான நெட்வேர்க் வயரும், ரெலிபோன் அடித்தால் இன்ரநெற் அறாமல் இருக்க ஒரு பில்டரும் வாங்கினேன். மாமா முகத்தைத் தூக்கிக்கொண்டு தனியாக பஸ் ஏறிவிட்டார். நேற்று எல்லாவற்றையும் இணைத்துப் பூட்டிப் பார்த்தேன், வேலை செய்கிறது. படம் மட்டும் இடைக்கிடை நிற்கிறது. அது லைனின் குணம், பெட்டியின் குற்றமில்லை என்று மாமாவுக்குச் சொல்லிவிடு, போனில் உன்னிடம் கோள் சொல்ல வருவார்.

கடிதத்தோடு விபூதியும் குங்குமமும் பிறிஜெற் அன்ரியிடம் கொடுத்துவிடுகிறேன். அங்கே இருக்கிற தன் மகனைப் பார்க்க வர அவவுக்கு விசா கிடைத்துவிட்டது. சந்தோசம் என்று சொல்லிவைத்தேன், சந்தோசமாக இல்லை.

குளிரில் வெறுங்காலோடு திரியாதே. கமெராவை மணவறைக்கு நேரே வைக்கச் சொல்லு. தாலி கட்டியதும் இரண்டு பேரும் எங்கள் பக்கம் திரும்பி விழுந்து கும்பிடுங்கள். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றால் ஐயரை நிறுத்தாதே, எங்களைக் கூப்பிட்டுக்கொண்டு நில்லாதே, அழவும் வேண்டாம். உனக்குத் தெரியாவிட்டாலும் நாங்கள் இங்கே அட்சதையோடு கையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்போம். இருவரும் குறையில்லாமல் நீடு வாழுங்கள்.

உன் அப்பா,
சிவகடாட்சம்