இருளாயியின் ரத்தச் சீட்டு

12-7-1937
மதுரைக்குப் போகும் வழியில் பதினொரு கடைப் பலகைகள் படித்தேன். எழுத்துக் கற்று நாலு மாதம்தான். அந்தச் சந்தோஷத்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் கோபம்தான் முன்னால் வருகிறது.

மகள் இருளாயி ஐந்து மாதக் கர்ப்பிணி. பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரியில் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். நான் என்ன, கடித்தா விடுவேன்?

13-7-1937
கம்பவுண்டர் சீட்டை நீட்டினார். "நூத்துக்கு எம்பது இருக்கு பெரியவரே. நல்ல ரத்தம். ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க."

மகளின் கண் ரப்பையின் உள்பக்கம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. "இவ கண்ணப் பாருங்கய்யா" என்றேன்.

"சீட்டு பொய் சொல்லுமா? நீர் என்ன டாக்டரா?"

வரிசையில் நின்றவன் சிரித்தான். திரும்பி வந்துவிட்டேன். ஏன் வந்தேன்? அழுத்தி எழுதியதில் பென்சில் முனை முறிந்துவிட்டது.

15-7-1937
கிணற்றடியில் மயங்கி விழுந்துவிட்டாள். எண்பதாம். எண்பது.

16-7-1937
மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் மதுரை. யாரும் வாங்காத சீட்டுகளை ஓர் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார்கள். பேர் மட்டும் தமிழில். ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். கம்பவுண்டர் கத்தினார். நான் கையை எடுக்கவில்லை. மூன்றாவது சீட்டு — இருளாயி, உசிலம்பட்டி, புருஷன் மாடசாமி. ஊர் எங்கள் ஊர்தான், ஆனால் என் மருமகன் பேர் காளை. மகளிடம் கேட்டேன்.

"புருஷன் பேரு கேட்டப்ப என்னத்தா சொன்னே?"

"பேரச் சொல்லலாமாப்பா? ஏர்ல பூட்டுவாகளே, அதுன்னு சொன்னேன். அவுகளா எழுதிக்கிட்டாக."

மாடு என்று நினைத்து மாடசாமி ஆக்கிவிட்டான். எனக்குக் கொடுத்தது வேறொரு இருளாயியின் சீட்டு. அதில் புருஷன் பேரே இல்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை போல. நான் யாரைத் திட்டுவது? எழுதினவனையா, இவளையா, எண்பது என்றதும் தலையாட்டிய என்னையா?

இந்தச் சீட்டில் 28.

டாக்டரம்மா வந்து இவள் கண்ணையும் நகத்தையும் பார்த்தார். "ரத்தத்துல இருக்க வேண்டிய சிவப்புல கால்வாசிதான் இருக்கு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா..." கம்பவுண்டரிடம் திரும்பி, "சீட்டும் ஆளும் ஒத்துப் போகலேன்னா, ஆளையா வீட்டுக்கு அனுப்புறது? மறுபடியும் குத்திப் பாக்கணும்" என்றார். குத்திப் பார்த்தார்கள். 27. கட்டில் கொடுத்தார்கள். இரும்புச் சத்து மருந்து, தினம் ஆட்டு ஈரல்.

கம்பவுண்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன்.

9-8-1937
இன்று 49. ஈரலை எடுத்துக்கொண்டு போனேன். கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

"நித்தம் ஈரலா? நாக்கு செத்துப் போச்சு. உப்பாவது போட்டியா? நீயே தின்னு பாருப்பா. ஆஸ்பத்திரிக்காரவுகளும் நீயும் சேந்துக்கிட்டு என்னைய என்ன பாடுபடுத்துறீக."

வார்டே திரும்பிப் பார்த்தது. இன்னும் நிறையச் சொன்னாள், எழுத முடியவில்லை, அவ்வளவு வேகம். நான் கிண்ணத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். முடிக்கும் வரை ஒரு தடவைகூட அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.