கழுத்தில் வெட்டியிருந்த இலக்கம்

1973 ஓகஸ்ட் 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்து காற்சட்டையைக்கூட மாற்றவில்லை. சவிரிமுத்தர் வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது ஞாயிறாக வருகிறார். மகன் வின்சன்டுக்கு என் தங்கச்சி இன்பமலரைக் கலியாணம் செய்யச் சம்மதமாம். ஒரு விஷயம் மட்டுமாம்.

"பெடியன் நில அளவைக் கந்தோரிலை. ஒவ்வொரு நாளும் வெளியிலை போற உத்தியோகம். ஒரு மோட்டர் சைக்கிள் இருந்தால் காணும் தம்பி. வேறை ஒண்டும் வாய் திறந்து கேக்கமாட்டம்."

பாணுக்கே விடியற்காலையில் வரிசையில் நிற்கிற நாட்டில் இவருக்கு மோட்டர் சைக்கிள் கேட்கிறது! புதிதாக ஒன்றும் இறக்குமதியாகி வருடக்கணக்கு. இருக்கிறதை எவனும் விற்கமாட்டான். சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். குசினிக்குள் தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மலருக்கு இருபத்தொன்பது. இதற்கு முதல் இரண்டு சம்பந்தம் வந்து போய்விட்டது. அம்மா சாகும்போது அவளை என் கையில் பிடித்துத் தந்தவ.

"ஓம்" என்றேன்.

"பழசெண்டாலும் பறவாயில்லை. ஆனா பழசு மாதிரித் தெரியக்கூடாது. நாலு சனம் பாக்கிறது." இதுவும் அவர் சொன்னதுதான்.

ஓகஸ்ட் 26

நான் வேலை செய்கிற துறைமுகக் களஞ்சியத்தில் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். சிரிக்கிறார்கள். என்னோடு கணக்கு எழுதுகிற கனகசுந்தரம், "உனக்கு சைக்கிள் செயின் கழண்டாலே பூட்டத் தெரியாது" என்றான். உண்மைதான், அதனால் கோபம் வந்தது.

செப்டெம்பர் 2

கிடைத்துவிட்டது. கிடைத்தது என்று சொல்லலாமோ?

ஜமாலியாவில் ஆமினா உம்மாவுக்கு நான் பென்சன் கடிதம் எழுதிக் கொடுக்கிறனான். அவவின் காலஞ்சென்ற புருஷன் வெள்ளைக்காரனின் கடற்படைப் பட்டறையில் வேலை செய்தவர். ஐம்பத்தேழில் அவர்கள் விட்டுப்போகும்போது ஏலத்தில் எடுத்த பி.எஸ்.ஏ. மோட்டர் சைக்கிள் ஒன்று விறகுக் கொட்டிலில் கிடக்கிறது. யுத்தகாலத்து வண்டி. எடுத்த மாதமே மனுசன் நெஞ்சுவலியில் போய்விட்டார். இப்போது அதன் சீற்றில் கோழி முட்டையிடுகிறது.

விலை கேட்டேன். "காசா? நீங்க எனக்கு எத்தினை கடிதம் எழுதித் தந்திரிக்கீங்க. கொண்டு போங்க தம்பி. ஓட வச்சா மட்டும் ஒரு தரம் என்ட வாசலுக்கு ஓடிவந்து காட்டுங்க. அவரு ஓடி நான் பாக்கல்ல."

கோழியைத் தூக்கி இறக்கிவிட்டு, தள்ளுவண்டியில் அன்புவழிபுரத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் சனம் விடுப்புப் பார்த்தது.

செப்டெம்பர் 9

உம்மா அலுமாரியிலிருந்து பதிவுப் புத்தகத்தையும் தேடித் தந்திருந்தா. முன் சில்லுக்கு மேலே, கைபிடி பூட்டுகிற கழுத்தில் கறள் மூடிக் கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். எழுத்து வந்தது. WM20, பிறகு 38417. புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன், ஒரு எழுத்துப் பிசகில்லை. என்னமோ குழந்தையின் பெயரைக் கேட்டறிந்த மாதிரிச் சந்தோஷம். விசர்.

செப்டெம்பர் 23

எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். கழற்ற ஒரு நாள் போதும், ஒரு மடையனும் போதும். எது எங்கே இருந்தது என்று எழுதி வைக்கவில்லை. கந்தோர் பழைய கடுதாசியில் நாற்பத்திரண்டு சாமான் பரப்பிக் கிடக்கிறது. கிளச்சைக் கழற்றும்போது ஒரு ஸ்பிரிங் பறந்தது. நானும் மலரும் முழங்காலில் நின்று பின்னேரம் முழுக்கத் தேடினோம். கடைசியில் அவள் கொண்டைக்குள் இருந்தது! எத்தனை நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள்.

ஒக்ரோபர் 14

எஞ்சின் கோது வெடித்திருக்கிறது. என் தலையும்.

சீனக்குடாவில் ஒருவரிடம் இதே இனத்தில் உடைந்த வண்டி ஒன்று இருக்கிறதாம். அதன் எஞ்சினைத் தரச் சம்மதம். கனகசுந்தரம் கூட வந்தான். திரும்பி வரும்போது சொன்னான்: "எஞ்சின் மாறினால் எஞ்சின் இலக்கம் புத்தகத்தோடை ஒத்துவராது. கழுத்திலை இருக்கிற இலக்கம் சரியாய் இருந்தால் பேர் மாத்தேக்கை பரிசோதகர் விடுவார். அதைப் பத்திரமாய் வைச்சிரு."

பெரிய கண்டுபிடிப்பு. எனக்குத் தெரியாதா?

நவம்பர் 11

மழை. வளவெல்லாம் வெள்ளம். சாக்குக் கட்டி மறைத்து அதற்குள் குந்தியிருந்து வேலை செய்கிறேன். மெக்னீட்டோவைத் தலைகீழாகப் பூட்டி ஒரு கிழமை உதைத்திருக்கிறேன், முழங்கால் வீங்கிவிட்டது. இன்று பிழையைக் கண்டுபிடித்து மாற்றிப் பூட்டி, மூன்றாம் உதையில் பிடித்தது. ஒரு நிமிஷம் ஓடியிருக்கும். டக்... டக்... டக்கென்று, அவசரமில்லாத சத்தம். நான் அழுதேன் என்று எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள்? அழுதேன்.

முப்பத்தேழு வயதில் நான் என் கையால் உண்டாக்கிய ஒரே ஒரு சாமான் இதுதான்.

நவம்பர் 25

பட்டாளத்து வண்டிக்கு ஒற்றைச் சீற்தான். லொறிச் சீற் ஸ்பிரிங்கும் றெக்சினும் வைத்து இருவர் இருக்கிற நீளச் சீற் செய்தேன். இடது பக்கம் கால் வைக்க ஒரு தகடு. சேலை சில்லுக்குள் போகாமல் ஒரு கம்பி வலை. மலரை ஏறி இருந்து பார்க்கச் சொன்னேன், தகட்டின் உயரம் பார்க்க.

ஸ்ராண்டில் நிற்கிற வண்டியில் ஒருக்களித்து ஏறி, சேலையைச் சரிசெய்துகொண்டு, முன்னால் ஒருவன் இருக்கிற மாதிரி வெறும் வெளியில் கையை வைத்தாள். பிறகு நான் நிற்பது ஞாபகம் வந்து வெட்கப்பட்டு இறங்கிவிட்டாள். "கொஞ்சம் கீழை வையுங்கோ அண்ணா" என்றாள்.

அரை அங்குலம் கீழே வைத்தேன்.

டிசெம்பர் 16

மாப்பிள்ளை வண்டி பார்க்க வந்தார். முகம் பார்த்துக் கதைக்கத் தெரியாத மனுசன். ஏறி இருந்தார். உதைத்தார். பிடித்ததும் கைபிடியை முறுக்கு முறுக்கென்று முறுக்கினார், சூடேற முதல். "மெதுவாய், மெதுவாய்" என்றேன். கேட்டால்தானே! எரிகிற சிகரெட்டைப் பெற்றோல் தாங்கியின் மேல் வைத்துவிட்டு லேஞ்சியால் கை துடைத்தார். மெறூன் வண்ணம் பூசி நாலு நாள். மழை ஈரத்தில் இன்னும் காயவில்லை. வட்டமாய்ப் பொக்களித்துவிட்டது.

"பறவாயில்லை, உருப்படியாய்த்தான் செய்திருக்கிறியள்" என்றார். பிறகு, "கலியாணம் முடிஞ்ச கையோடை இதைத் தள்ளிப்போட்டு ஒரு ஹொண்டா எடுக்கலாம். உதுக்கு இப்ப நல்ல கிராக்கி. பேர் மாத்தின உடனை விக்கலாம்."

தள்ளிப்போட்டு!

மலர் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு அது ஒன்றும் கேட்கவில்லை. அவர் போனதும், "ஆள் நல்ல உயரம், என்ன அண்ணா?" என்கிறாள்.

டிசெம்பர் 22, சனி

கழுத்தில் கறள் தின்ற பள்ளம் வண்ணத்துக்கு மேலாலும் அசிங்கமாகத் தெரிகிறது. பழசு மாதிரித் தெரியக்கூடாது என்றுதானே கட்டளை. அரத்தால் அராவி, எமரித் தாளால் தேய்த்து, பட்டி பூசி, மறுபடி மெறூன் அடித்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது. விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது.

டிசெம்பர் 24

பாலன் பிறப்புக்கு மலர் எனக்குத் தைத்த சேட். கை நீளம் சரி. நகத்துக்குள் கிறீஸ் மட்டும் போகவில்லை.

1974 ஜனவரி 6

கோயிலில் சுவாமியார் கலியாண அறிவித்தல் வாசித்தார், முதல் தரம். இன்பமலரின் பெயரும் வின்சன்டின் பெயரும். மூன்று ஞாயிறு வாசித்து, 23ஆம் திகதி தாலி. மலர் பூசை முழுக்கத் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

ஜனவரி 13

இரண்டாம் தரம் வாசித்தாகிவிட்டது. கூறைச் சேலை வந்தது.

ஜனவரி 17, வியாழன்

வண்டியை வின்சன்டின் பேருக்கு மாற்றப் பரிசோதகரிடம் கொண்டு போனோம். நான், வின்சன்ட், சவிரிமுத்தர். ஆமினா உம்மாவின் கையெழுத்தெல்லாம் ஒழுங்கு. பரிசோதகர் எஞ்சின் இலக்கத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். "எஞ்சின் மாறியிருக்கு. சேசிஸ் இலக்கம் எங்கை?"

குனிந்து கழுத்தைத் தடவினார். ரோச் அடித்துப் பார்த்தார். சாவியால் என் வண்ணத்தைச் சுரண்டினார். கீழே பட்டி. பட்டிக்குக் கீழே வெறும் இரும்பு.

"அராவியிருக்கு. ஆர் அராவினது?"

"வடிவுக்கு" என்றேன். வடிவுக்கு! அந்த மனுசன் சிரித்தார். களவு வண்டிக்குத்தான் இலக்கம் அராவுவார்களாம். பொலிஸ் விசாரணை, கொழும்புக்குக் கடிதம், ஒரு வருடமாவது செல்லுமாம், அதுவரை றோட்டில் ஏற்றக்கூடாதாம். சவிரிமுத்தர் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தள்ளிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 18

வந்தார். உள்ளே வரவில்லை, சவிரிமுத்தர் படலையில் நின்றபடியே: "களவு வண்டியைப் பூச்சடிச்சு என்ரை பெடியன்ரை தலையிலை கட்டப் பாத்தனீர். வண்டியிலையே இப்பிடியெண்டால் மற்றதிலை என்னென்ன மறைச்சிருக்கிறீரோ ஆருக்குத் தெரியும்?"

கோதாரி விழுந்த வாய்! அடிச்சிருக்கவேணும் அந்த ஆளை. காலைப் பிடிக்கவேண்டி வந்தது. பிடிச்சன். உதறிப்போட்டுப் போனார். மலர் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு உள்ளுக்கை நிண்டவள்.

ஜனவரி 20

மூன்றாம் தரம் வாசிக்கவில்லை. சுவாமியார் மற்ற அறிவித்தல்கள் எல்லாம் வாசித்தார், சிரமதானம் உட்பட. முன் வாங்கிலிருந்து சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து முக்காட்டைக்கூட எடுக்காமல் மலர் கேட்டாள்: "அண்ணா, வேணுமெண்டுதானே அராவினீங்கள்?"

"உனக்கென்ன விசரோ!" என்று கத்தினேன். அயல் வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவள் முக்காட்டை எடுத்து மடித்தாள்.

ஜனவரி 23

இன்று.

பெப்ரவரி 17

சோறு மூடி வைக்கிறாள். உடுப்புத் தோய்க்கிறாள். கதை இல்லை. கேட்டால் தலையாட்டல். கந்தோரில் வாய் கிழியக் கதைத்துவிட்டு வந்து இந்த வீட்டுக்குள் நானும் ஊமையாகிவிடுகிறேன்.

மார்ச் 24

இந்தக் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். புரட்டாமல் விட்டிருக்கலாம்.

செப்டெம்பர் 9: இலக்கத்தை என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஒக்ரோபர் 14: பத்திரமாக வை என்று கனகசுந்தரம் சொன்னதும், எனக்குத் தெரியாதா என்று நான் எழுதியதும். டிசெம்பர் 16: தள்ளிப்போட்டு ஹொண்டா. ஆறு நாள் கழித்து அரம்.

பேர் மாறினால் வித்துப்போடுவான். மாறாவிட்டால் வண்டி நிக்கும். அண்டைக்கு அப்பிடி நினைச்சனானோ? இல்லை, நினைக்கேல்லை. நினைக்காமல்தான் அராவினன். ஆனா அரம் கையிலை இருக்கேக்கை அந்த எட்டு கடைசியாய் அழிஞ்சது எனக்கு ஞாபகம் இருக்கு. பாத்துக்கொண்டுதான் இருந்தனான். தெரியும். எனக்குத் தெரியும்.

அவளுக்குச் சொல்லவேண்டும்.

ஏப்ரல் 14

சொல்லவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

யார் வந்தது தெரியுமா? வின்சன்ட்! மட்டக்களப்பில் சம்பந்தம் பொருந்திவிட்டதாம். அவர்கள் ஒரு பி.எஸ்.ஏ. கொடுக்கிறார்களாம், எஞ்சின் சரியில்லையாம்.

"உங்கடை வண்டி சும்மாதானே நிக்குது. எஞ்சினை மட்டும் தந்தாலும் காணும். பழசை ஒண்டும் மனசிலை வைச்சிருக்காதேங்கோ."

நான் எழும்பமுதல் மலர் தேத்தண்ணியோடு வந்தாள். யாரோ ஊருக்குப் புதிதாக வந்த ஆளுக்கு வைப்பது போல அவர் முன்னால் வைத்தாள். ஐந்து மாதத்தில் முதல் தரம் என்னைப் பார்த்து வாய் திறந்தாள்.

"குடுங்கோ அண்ணா. உங்கள் ரெண்டு பேருக்கும் அதுதானே வேணும்."

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே போனார். நான் துரத்தியிருக்கவேண்டும். என்னவென்று துரத்துவது? அவள் அவரையும் என்னையும் ஒரே நிறையில் போட்டுவிட்டாள்.

ஓகஸ்ட் 18

மலர் வெருகல் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டிருந்தாளாம். கிடைத்துவிட்டது. கடிதத்தை மேசையில் நான் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள்.

ஓகஸ்ட் 31

காலையில் வண்டியைத் துடைத்தேன். ஒரே உதையில் பிடித்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு நிற்பாட்டினேன். பிறகு ஜமாலியா மட்டும் தள்ளிக்கொண்டு போய், விறகுக் கொட்டிலில் பழைய இடத்திலேயே விட்டேன்.

ஆமினா உம்மா மெறூனைத் தடவிப் பார்த்தா. நீளச் சீற்றைப் பார்த்தா. "மாஷா அல்லாஹ். ஓடுமா தம்பி?"

"ஓடும் உம்மா."

"அப்ப என்னத்துக்குத் தள்ளிக்கிட்டு வாறீங்க?"

வேர்வையைத் துடைத்தேன். அவ உள்ளே போய்த் தண்ணி கொண்டுவந்து தந்தா.

செப்டெம்பர் 1, ஞாயிறு

மூதூர் லோஞ்ச் ஏற்றிவிட இறங்குதுறைக்குப் போனேன். மலரின் பெட்டியை நான் காவினேன், வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. லோஞ்ச் வரப் பிந்தியது. கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "தெரிஞ்சுதான் அராவினனான், மலர்."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். "நீங்கள் எப்ப சொல்லுவீங்கள் எண்டுதான் இருந்தனான்."

சனம் ஏறத் தொடங்கியது. பெட்டியைக் கொடுத்தேன்.

"வளவிலை வண்டியைக் காணேல்லை?"

"உம்மாவிட்டைக் கொண்டுபோய் விட்டிட்டன்."

"ஓடிக் காட்டினீங்களோ?"

"இல்லை. தள்ளிக்கொண்டுதான் போனனான்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா வேணும் உங்களுக்கு" என்றாள். ஏறிப் போய், மற்றப் பக்கம் பார்த்து இருந்தாள்.

வீட்டுக்கு வர மத்தியானம். குசினியில் சோறு மூடி வைத்திருந்தது. ஒருத்தருக்கு மட்டும்.