வாசலில் வேப்பிலை

கோபம் தீராத என் சிநேகிதிக்கு,

போன் செய்தால் எடுக்கமாட்டாய். அதனால் அங்கன்வாடி ஆயாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஆடியிலும் உன் வாசலில் வேப்பிலையைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். உன் மகள் ஹேமாவின் கையிலிருந்த சிவப்புப் புள்ளிகளை நீ அம்மை என்றாய். "பெரியபாளையத்தம்மா வந்து குந்திகினு கீறா, நீ இன்னாத்துக்குடி வண்டியக் கூப்புடுற?" என்று கத்தினாய். அவள் ஈறில் ரத்தம் கசிந்தது. டெங்குதான் என்று பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். தப்பென்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்த வண்டி அவள் உடலோடு திரும்பி வந்ததைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அதிலிருந்து நம் காலனியில் யாரும் வேப்பிலை கட்டுவதில்லை. காய்ச்சல் கணக்கெடுக்க வரும் என் கண்ணில் படக்கூடாதாம். காய்ச்சலோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். கேட்டால், "நல்லாதான் கீறோம்" என்கிறார்கள்.

இன்று தெரு முழுக்க வெறும் வாசல்கள். உன் வாசலில் மட்டும் பச்சை வேப்பிலை. என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாய். வேப்பிலையை மட்டும் அவிழ்க்கவில்லை.

சின்னவனுக்கா? வலி மாத்திரை எதுவும் கொடுத்துவிடாதே. தண்ணீர் கொடுத்துக்கொண்டே இரு. வண்டிக்குச் சொல்லிவிட்டேன். நீ என்னோடு பேசவேண்டாம், கதவை மட்டும் திற.

தெருமுனையில் நிற்கும்,
உன் பழைய சிநேகிதி