மூணு ஊர் வீடு

2024 ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளி. படவேடு அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் காலையிலேயே எங்கள் ஆரணி பஸ் ஸ்டாண்டை நிரப்பிவிட்டது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனேன். கவுன்சிலர் ஆனதிலிருந்து நான் பார்ப்பது தொட்டி, குழாய், சாக்கடை, இவ்வளவுதான்.

கடை ஓரமாக ஒரு புருஷன் பெண்டாட்டி மூட்டையோடு நின்றிருந்தார்கள். தினமும் படுக்கிற இடத்தில் பக்தர்கள் உட்கார்ந்துவிட்டார்களாம். அவர் தனக்கோடி, அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறார். அந்தம்மா ஆதிலட்சுமி, மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறார். வேலை இருக்கிறது, வீடு இல்லை. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் புரட்ட முடியாமல் சில வருஷமாகவே இந்த பஸ் ஸ்டாண்டுதான்.

"வீடில்லாதவங்க தங்குற எடம் வேற ஊர்ல இருக்குதே, அங்க சேத்து விடட்டுமா?" என்று கேட்டேன்.

"போய்ப் பாத்துட்டு வந்துட்டோம்மா. ஆம்பளைக்கு ஒரு ஹாலு, பொம்பளைக்கு ஒரு ஹாலு. இந்த வயசுல இன்னாத்துக்குங்க எங்களப் பிரிக்கிறாங்க?"

தனக்கோடி வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பாயை விரிக்கும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஆரணி மட்டும் பணம் போட்டால் ஒரு ஹால்தான் கட்ட முடியும். பக்கத்து ஊர்களும் சேர்ந்தால் ஜோடிகளுக்குத் தனித்தனி ரூமே கட்டலாம். இந்த யோசனையோடு இன்று மூன்று ஊர்க்காரர்களையும் உட்கார வைத்தோம்.

களம்பூர் பேரூராட்சி உறுப்பினர் குமரேசன் வந்ததுமே ஆரம்பித்தார். "எங்க ஊர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பேரு ஆரணி ரோடு. அங்க படுக்கிறவங்க மட்டும் களம்பூர்க் கணக்கா?"

எல்லாரும் சிரித்தோம். செய்யார் கவுன்சிலர் கலைமகள் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல கம்பெனிங்க இருக்குதுன்னு எல்லாரும் எங்ககிட்டயே வர்றீங்க. ஆரணியில கட்டுற வீட்டுக்கு எங்க ஜனங்க காசு எதுக்குன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

நியாயம்தானே? போண்டாவை மட்டும் மூன்று ஊரும் ஒற்றுமையாகக் காலி செய்தோம்.

ஆகஸ்ட் 14, புதன்

எதுவும் எழுதத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் கேட்கிறார்: "போண்டாவுக்கா இவ்ளோ பேஜாரு?"

செப்டம்பர் 5, வியாழன்

கலைமகள், மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணி வந்தார். முகூர்த்தப் புடவை எடுத்துக் கொடுத்துவிட்டு, பஸ் ஏற்றிவிடுகிற சாக்கில் ஆதிலட்சுமியிடம் கூட்டிப் போனேன்.

"எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார் கலைமகள்.

"பொறந்தது வெம்பாக்கம் பக்கம். கட்டிகினு வந்து நெல்லு அவிச்சது களம்பூர் மில்லுல. அப்புறம் செய்யார்ல கம்பெனி கேன்டீன்ல..."

"மொதல்ல செய்யார், அப்புறம்தான் களம்பூரு," என்றார் தனக்கோடி.

"உனுக்கு இன்னா தெரியும்? மழை பேஞ்ச வருசம் எங்க இருந்தோம் சொல்லு பாப்போம்!"

அப்படியே ஒரு பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. கலைமகள் பெஞ்சில் உட்கார்ந்து, எந்தக் கேன்டீன், எந்த மேஸ்திரி என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்தார். "கவுன்சில்ல நானே பேசறேங்க. இவங்க எங்க ஊரு ஆளுங்கதான்."

"களம்பூரு ஆளுங்கன்னும் குமரேசன்கிட்ட சொல்லணும்," என்றேன்.

"அத வுடுங்க, நான் சொல்லிக்கிறேன்!"

செப்டம்பர் 22, ஞாயிறு

இடம் முடிவாகிவிட்டது. எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கிற பழைய பள்ளிக்கூடம். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல. அதுதான் வினை. தெருவே திரண்டு வந்து வாசலில் நிற்கிறது. யார் யாரோ வருவாங்க, குடிச்சுட்டுக் கெடப்பாங்க, பொண்ணுங்க எப்படி நடமாடுறது, அடுத்த எலக்‌ஷன்ல பாத்துக்கறோம்... எனக்கு அழுகை முட்டிகினு வந்தது. இவங்கதானே எனக்கு ஓட்டுப் போட்டவங்க? இவங்களுக்கு நான் எப்படிப் புரிய வைப்பேன்?

திடீரென்று பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல். நேற்று வரைக்கும் "ஊர்ல வேற எடமே கெடைக்கலியா ஸ்வர்ணா?" என்று முணுமுணுத்த அதே மனுஷன். தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார்.

"அது என் செவுத்த ஒட்டிகினு வருது. குடிச்சுட்டு எவனாவது கத்துனா மொதல்ல என் காதுலதான் வுழும். மொதப் புகார் நான் குடுக்கறேன். அதுக்கப்புறம் நீங்க குடுங்க. போதுமா?"

எதிர்வீட்டு சசிகலா கேட்டாள்: "ராத்திரிக்கு வாட்ச்மேன் போடுவாங்களாண்ணா?"

"போடுவாங்க," என்றார், ஏதோ இவரே நகராட்சி கமிஷனர் மாதிரி.

ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகப் போட்டேன். காரணம் சொல்லவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

மூன்று ஊரிலும் பணம் ஒதுக்குகிற தீர்மானம் நிறைவேறிவிட்டது! இன்று கடைசியாகச் செய்யாரில். கலைமகள் போனில் சொல்லும்போது அவர் அழுதாரா நான் அழுதேனா தெரியவில்லை.

2025 ஜூன் 18, புதன்

திறப்பு விழா. பெயர்ப் பலகையில் எந்த ஊர் முதலில் என்று பத்து நாள் சண்டை. அகர வரிசை என்றால் ஆரணி, பணம் அதிகம் போட்டது செய்யார், ரயில்வே ஸ்டேஷன் இருப்பது களம்பூர். கடைசியில் பெயின்டர் கடுப்பாகி மூன்றையும் வட்டமாக எழுதிவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார்கள். தனக்கோடிக்கும் ஆதிலட்சுமிக்கும் நாலாம் ரூம்.

ஜூலை 6, ஞாயிறு

மத்தியானம் வாட்ச்மேன் குப்புராஜ் ஓடி வந்தார். "கவுன்சிலரம்மா, ஜல்தி வாங்க. நாலாம் ரூம்ல ஒரே ரகளை."

போனேன். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. தனக்கோடி குரல் தெரு வரைக்கும் கேட்டது. மனுஷர் இவ்வளவு சத்தமாகப் பேசுவார் என்றே எனக்குத் தெரியாது.

"பஸ் ஸ்டாண்ட்ல நாலு பேரு பாக்கறாங்கன்னு இத்தினி வருசமா வாய மூடிகினு இருந்தேன். இன்னிக்குக் கேக்கறேன். உன் தம்பி கல்யாணத்துல என்னை எதுக்குக் கடைசிப் பந்தியில ஒக்கார வெச்சீங்க?"

"மொதப் பந்தியில நீதான் ஆளையே காணோம்!"

"தட்டட்டுங்களாம்மா?" என்றார் குப்புராஜ்.

"வேணாம், வேணாம்," என்று அவரை வாசல் கேட்டுக்கு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் தறியை நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னா, மொதப் புகார் குடுக்கப் போறீங்களா?"

"உஷ்! பாயசம் விஷயத்துக்கு வந்திருக்காங்க."

"யாரு கை ஓங்கியிருக்குது?"

"அந்தம்மாதான்," என்றார், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டு.