ரேகை இல்லாத விரல்கள்

சான் பிரான்சிஸ்கோ
மார்ச் 9

என் அன்பானவருக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? குழந்தை சியூ-பிங்குக்குச் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன், தூக்கம்தான் போதவில்லை.

ஹோட்டலுக்காக வீட்டு அடுப்பில் நான் சுடும் சீட்டு பிஸ்கட் பற்றி எழுதியிருந்தேனே. சூடு ஆறுவதற்குள் நல்வாக்குச் சீட்டை உள்ளே வைத்து மடிக்க வேண்டும். ஆறினால் உடைந்துவிடும். கையுறை போட்டால் விரல் ஓடாது.

செவ்வாயன்று, உங்கள் இருவரையும் இங்கே அழைத்துக்கொள்ளும் மனுவுக்குக் கைரேகை கொடுக்கப் போனேன். நான்கு முறை உருட்டியும் தாளில் மைக்கறைதான் விழுந்தது.

"சூடு பட்டுப் பட்டே ரேகை தேஞ்சுபோச்சும்மா. மூணு மாசம் சூட்டுல கை வைக்காம இருந்துட்டு வாங்க" என்றார் அதிகாரி.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டு குவான் அக்கா, "ஏன்டி, இந்தக் கையோட பேங்கையே கொள்ளையடிச்சாலும் உன்னை எவனும் பிடிக்க முடியாது!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மூன்று மாதம்தானே, கவலைப்படாதீர்கள். அதுவரை நான் மாவு கலக்குகிறேன், அக்கா மடிக்கிறாள். நேற்று மட்டும் அவள் வரவில்லை. இருநூறு பிஸ்கட்டையும் நானே மடித்தேன்.

தீப்புண் களிம்பு இரண்டு டப்பா அனுப்புங்கள். அடுப்பில் தட்டு கருகும் வாசனை வருகிறது, முடிக்கிறேன்.

உங்கள்
யூக்-லான்

மறந்துவிட்டேன். சியூ-பிங்கின் கட்டைவிரலை மையில் தொட்டு, அடுத்த கடிதத்தின் ஓரத்தில் பதித்து அனுப்புங்கள். கோடெல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும்.