மருதோன்றி மறைத்த சிவப்புக் கோடு

ஜனவரி 14, செவ்வாய்
மைனஸ் பதினொன்று டிகிரிக் குளிர். வெஸ்ட்லி ரயில் ஸ்டேஷனில் போனை எடுக்கக் கையுறையைக் கழற்றியதும் இடது மோதிர விரல் நகத்துக்குள் ஊசி குத்தின மாதிரி நோ. வேலைக்குப் போய்ச் சேரும்வரை விரலைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டே போனேன். முதியோர் இல்லத்துச் சலவையறை வெக்கையில்தான் உயிர் வந்தது.

பின்னேரம் பொங்கல். இவரிடம் சொன்னேன். ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உமக்கு மனப்பிரமை." ஏழு வருஷமாக இந்த நோவுக்கு இதே பாட்டு.

ஜனவரி 18, சனி
மச்சாள் வந்தா. நகத்தில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு என்று அவதான் கண்டா. உடம்புச் சூடாம், மருதோன்றி இழுத்துவிடுமாம். பத்து விரலுக்கும் அப்பியாயிற்று.

ஜனவரி 23, வியாழன்
குடும்ப டொக்டர். கோட்டைக் காட்டப் போனால், நகமெல்லாம் செம்மஞ்சள்! கழுவினால் போகாது, வளர்ந்துதான் போகும் என்றேன். டொக்டர்ப் பெண் சிரித்துவிட்டாள். குளிர் பட்டால் நோகிற விரலுக்குக் குளிர்ச்சி வைத்தியம் செய்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கேட்டவை: காய்ச்சல்? அடிபட்டதா? இரத்தம் இளக்கும் குளிசை? இல்லை, இல்லை, இல்லை. வேறு விரலில்? இதில் மட்டும்தான். பல நகங்களில் வந்தால் இதயத்தையும் பார்ப்பார்களாம். இரத்தம் எடுத்தாள். நகம் தெளிந்ததும் படம் அனுப்பச் சொன்னாள்.
புற்றுநோயா என்று கேட்க வாய் வரவில்லை.

பெப்ரவரி 24, திங்கள்
இரத்தச் சோதனை நல்லம். குறொன்லாண்ட் கடைத்தெருவில் முருங்கைக்காய், அரிசிமா வாங்கினேன். உப்பு மறந்தாயிற்று.
நகத்தின் அடியில் அரிசியளவு புது நகம். அதற்குள் அந்தக் கோடு! நோயைக் கண்டு சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். டொக்டருக்குப் படம் போய்விட்டது.

மார்ச் 13, வியாழன்
பனி கலந்த மழை. படத்தைப் பார்த்துக் குடும்ப டொக்டர் அனுப்பிய கை டொக்டர். கார் ஓட்ட வந்த இவரும் உள்ளே வந்து இருந்தார். டொக்டர் பேனா நுனியால் கோட்டின் அடியில் ஒரு புள்ளியை அழுத்த, கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ஒரு மில்லிமீற்றர் தள்ளி அழுத்தினார், ஒன்றுமில்லை.

நகத்துக்குக் கீழே சின்னக் கட்டியாம். குளிர் பட்டால் நோவால் கொல்லுவது அதன் குணமாம். அநேகமாகப் புற்றுநோய் இல்லை. ஸ்கான் எடுத்து, வெட்டி எடுத்தால் சுகம். இதோடு எப்படி இவ்வளவு காலம் வேலை செய்தீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் அழுதேன்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். ஸ்டோவ்னர் ஸ்டேஷன் தாண்ட இவரிடம் சொன்னேன்: "நோவை விட, நீங்கள் நம்பாததுதான் கூடுதலாக நொந்தது."

ஏப்ரல் 28, திங்கள்
வெயில். கட்டியை வெட்டி எடுத்தாயிற்று, தையல் பிரித்தும் பத்து நாள். கட்டி சோதித்த முடிவும் வந்தது, பயமில்லை. நகம் கோணலாக முளைக்கிறது, முளைக்கட்டும்.

குசினியில் குளிர்தண்ணிக் குழாயைத் திறந்து விரலை நீட்டினேன். நூறு வரை எண்ணினேன். இவர் வாசலில் நிற்பது பிறகுதான் தெரிந்தது.

"நோகுதோ?"

ஏழு வருஷத்தில் இன்றுதான் கேட்டார். இல்லை என்றேன்.